"சார், ஊருக்கு வந்திரட்டா?"

(கன்னியாகுமரி மாவட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் பேசியவர்கள் எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, கலந்தாய்வு எப்படி நடக்கிறது, உதவித்தொகைகள் என்னென்ன என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அது பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவைப்பது வரைக்குமான பாடம். நான் அதற்கு அப்புறம் நடப்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாம் கைகாட்டி அனுப்பிய பிள்ளை ஆகஸ்ட், செப்டம்பரில் ஒருநாள் இராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணி, "சார், ஊருக்கு வந்திரட்டா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

என்ன சொல்வோம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். "கொஞ்சம் பொறு, பழகிப்போகும்" என்போம். "வெளியூரில் இருந்து படித்தால்தான் தைரியம் வரும்" என்போம். நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னதால் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முதல் பணியே சொந்த மாவட்டத்தில் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? கை அதிகம் தூக்க மாட்டீர்கள். எனக்கு முதல் பணி கிருஷ்ணகிரி மாவட்டத்தில். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ், இராத்திரி ரயில், சனிக்கிழமை வீடு, ஞாயிறு சாயங்காலம் திரும்பவும் ரயில். பொது மாறுதல் கலந்தாய்வு வருகிறது என்றால் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வேறு பேச்சு இருக்காது. காலிப்பணியிடப் பட்டியல், முன்னுரிமை வரிசை, கணவன் மனைவி பணிபுரியும் இடத்துக்கான சலுகை, யார் ஓய்வு பெறுகிறார்கள், யார் பதவி உயர்வில் போகிறார்கள் என்று அத்தனையும் மனப்பாடம். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி ஊர்க் காற்று முகத்தில் பட்டால் போதும் என்றிருக்கும். முப்பது வயதில், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கல்யாணமும் ஆன நமக்கு அப்படி. நம்மில் யாரும் அதை மனத்தளர்ச்சி என்று சொன்னதில்லை. உரிமை என்றுதான் சொல்வோம். பதினேழு வயதுப் பிள்ளை அதையே கேட்டால் மட்டும் நமக்கு அது கோழைத்தனமாகத் தெரிகிறது.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. கலந்தாய்வு என்று ஒரு முறை இருக்கிறது. அதற்கு ஒரு நாள் இருக்கிறது, ஒரு பட்டியல் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இல்லை. வழியே இல்லை என்று சொல்லவில்லை. வழி இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் கதை. தோவாளைப் பக்கம் ஒரு ஊர். அப்பா பூ கட்டுகிறவர். விடியுமுன்னே சந்தையில் இருக்க வேண்டிய தொழில். வீட்டில் கல்லூரிப் படி ஏறப்போகும் முதல் ஆள் அவள்தான். பத்தாம் வகுப்பு வரை என்னிடம் கணக்குப் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண். 2019இல் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்தது. போகச் சொன்னது நான்தான். நாகர்கோவிலில் கணிதம் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் 'சென்னையில் படிக்கிறாள்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செப்டம்பரில் போன் வந்தது. கல்லூரிச் சேர்க்கை முடிந்து இருபது நாள்கூட ஆகியிருக்காது. "சார், எனக்கு இங்க இருக்க முடியல்ல. ஊருக்கு வந்திரட்டா?"

"ஒரு மாசம் பொறு மக்ளே, எல்லாம் பழகிப்போவும்" என்றேன்.

ஏன் முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருப்பதும், தம்பிக்குச் சோறு வைத்துப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லாததும் தெரிந்திருக்கும். அவளாகவும் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டத்தை சாரிடம் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அப்பா பள்ளிக்கே வந்து நின்றார். "பிள்ள போவல்லேங்கா சார். நீங்க ஒண்ணு சொல்லணும்." நான் ஒன்று சொல்வதற்குள் வருகைப்பதிவு குறைந்துவிட்டது, செமஸ்டர் தேர்வு எழுத முடியவில்லை. ஒரு செமஸ்டர்கூட முடிக்காத பிள்ளை எதை வைத்து மாறுதல் கேட்பது? அடுத்த ஜூனில் நாகர்கோவிலில் புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று பேசிவைத்தோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. பூச்சந்தை அடைத்தார்கள். அந்த ஜூன் அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

அவள் இப்போது நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இரண்டு மூன்று வருடம் கழித்து அங்கே வைத்துத்தான் பார்த்தேன். பில் போடும் இடம் வரைக்கும் கூடவே வந்தாள். கோபமில்லாமல் சொன்னாள்: "நான் அன்னைக்கு உத்தரவு கேக்கல்ல சார். எப்பிடி வரணும்ணு வழி கேட்டேன்."

வழி எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. 'பொறு' என்று நான் சொன்னதில் பாதி என் அறியாமை. அதன் பிறகுதான் இந்த விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் படித்தது பணத்தைப் பற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில், கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது பற்றியும் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கு முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். அலுவலகச் செலவு என்று ஐந்து சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல் பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தின பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் முடிந்து பதினைந்து நாளுக்குள் 80. அதற்கடுத்து முப்பதாவது நாள் வரை 50. முப்பது நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் மானியக் குழு தனியாகத் தேதி அறிவிப்பதும் உண்டு. அதனால் அந்தந்த ஆண்டு என்ன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது.

இப்போது என் 'ஒரு மாசம் பொறு' என்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவள் விலகியிருந்தால் பாதிப் பணம் வந்திருக்கும். சில கல்லூரிகளில் காலியிடமும் இருந்திருக்கலாம். அந்த ஒரு மாதம்தான் எல்லாவற்றையும் கொண்டுபோனது. கணக்கு வாத்தியாருக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன். படிப்பு ஊர்ப் பக்கம் இருக்க வேண்டும் என்ற ஆசை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893இல் கல்லூரியானபோது அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. பல்கலைக்கழகம் 700 கிலோமீட்டருக்கு அப்பால். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் வந்தபோது இந்தப் பகுதிக் கல்லூரிப் படிப்பு திருவனந்தபுரத்தின் கீழ் வந்தது. தூரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. மொழி நம் பக்கம் வந்தது, பல்கலைக்கழகம் மறுபடி சென்னைக்குப் போனது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம். 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இப்போது நாகர்கோவிலிலிருந்து அபிஷேகப்பட்டிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். தாத்தா பட்டத்தில் திருவிதாங்கூர், அப்பா பட்டத்தில் மதுரை, பேத்தி பட்டத்தில் மனோன்மணியம் சுந்தரனார் என்று இருக்கும் வீடுகள் இங்கே உண்டு. மூவரும் உட்கார்ந்தது ஒரே கல்லூரி வளாகத்தில். மாணவர் நகரவில்லை, பல்கலைக்கழகம்தான் மாறிக்கொண்டே வந்தது. அந்தப் பெயருக்குரிய சுந்தரம் பிள்ளையும் திருவனந்தபுரத்தில் படித்து, கொஞ்ச காலம் திருநெல்வேலியில் வேலை பார்த்து, மறுபடி திருவனந்தபுரத்துக்கே பேராசிரியராகத் திரும்பியவர்தான். அந்தக் காலத்திலும் மாறுதல் இருந்திருக்கிறது!

ஊரே பல்கலைக்கழகத்தைப் பக்கத்தில் கேட்டு வாங்கியபோது, ஒரு பிள்ளை கல்லூரியைப் பக்கத்தில் கேட்பதில் வியப்பில்லை. சில நேரம் அது உயிர்ப் பிரச்சினையும் ஆகும். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பேராதனை, கொழும்பு முதலிய தெற்குப் பல்கலைக்கழகங்களில் படித்த தமிழ் மாணவர்கள் தங்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றக் கேட்டார்கள். அதற்காக 1984 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2023இல் மணிப்பூர் கலவரத்தால் படிப்பு நின்றுபோன மாணவர்களுக்குக் கேரளத்தின் கண்ணூர்ப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. ஆனாலும் நடுவில் மாற வேண்டிய நிலை யாருக்கும் வரலாம் என்பதை வழிகாட்டுகிற நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, முறைக்கு வருவோம். கலை அறிவியல் கல்லூரிகளைத்தான் முதலில் சொல்கிறேன். நம் பிள்ளைகள் அதிகம் போவது அங்கேதான்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது கொஞ்சம் எளிது. தூத்துக்குடியில் படிக்கிற பிள்ளை நாகர்கோவிலுக்கு வருவது போல. அதே பாடத்தில், அதே ஆண்டில் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டு முதல்வர்களும் தடையில்லை என்று எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகம் அனுமதிக்க வேண்டும். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் அவர்களுடையது. இங்கே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் ஹோலி கிராஸ் கல்லூரியும் தன்னாட்சிக் கல்லூரிகள். ஒரே பல்கலைக்கழகம்தானே என்று எண்ணிக்கொண்டு போனால் அங்கே பாடத்தாள்கள் ஒத்துவராமல் போகலாம்.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருவதென்றால் வேலை கூடுதல். இதுவரை படித்த தாள்கள் இங்குள்ள தாள்களுக்கு இணைதானா என்று பார்ப்பார்கள். அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, கல்லூரி முத்திரையோடு பாடத்திட்ட நகல் வேண்டும். இணையாகாத தாள்களை இங்கே வந்து கூடுதலாக எழுத வேண்டும். தமிழ்ப் பாடத்தில்கூட இந்தச் சிக்கல் வரும்; இரண்டு செமஸ்டர் தமிழ் வைத்த இடத்திலிருந்து நான்கு செமஸ்டர் வைத்த இடத்துக்கு வந்தால் அந்த இரண்டும் பாக்கி. வருகைச் சான்று, நன்னடத்தைச் சான்று, பழைய பல்கலைக்கழகத்தின் மைக்ரேஷன் சான்று எல்லாம் கேட்பார்கள். பெரும்பாலும் ஆண்டு முடிந்து அடுத்த ஆண்டு தொடங்கும் வேளையில்தான் மாறுதல் தருவார்கள். பாதியில், அதிலும் கடைசி ஆண்டில், கிடைப்பது அரிது. மாறி வந்தவர்களைப் பல இடங்களில் ரேங்க் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். விதிகள் இடத்துக்கு இடம் வேறு. அதனால் பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டு விதியைக் கேட்டு, எழுத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டி.சி.யை முதலில் வாங்கக் கூடாது. புதிய இடத்தில் காலியிடம் உறுதியாகி, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே பழைய இடத்தில் டி.சி. கேட்க வேண்டும். அவசரப்பட்டு டி.சி. வாங்கிக்கொண்டு வந்து, இங்கே இடமும் கிடைக்காமல், அங்கே பெயரும் அடிபட்டுப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். நமக்கு விடுவிப்பு ஆணை வாங்குமுன் மாறுதல் ஆணை வேண்டும் அல்லவா, அது மாதிரித்தான்.

மேற்குப் பக்க ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பக்கம் என்றால் திருநெல்வேலி இல்லை, திருவனந்தபுரம்தான். போவதில் தவறில்லை. ஆனால் கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024–25 முதல் இளநிலைப் படிப்பு நான்காண்டு அமைப்புக்கு மாறிவிட்டது. மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியே வரலாம், அல்லது நான்காவது ஆண்டும் படிக்கலாம். இங்கே மூன்றாண்டுப் பட்டம், பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்ற அடுக்கு. நடுவில் அங்கிருந்து இங்கேயோ இங்கிருந்து அங்கேயோ மாறுவது முன்பைவிடக் கடினம். சேரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான் என்றாலும் பாடத்திட்டத்தில் அது தூரம்.

இதையெல்லாம் எளிதாக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2023–24இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாணவர் மாறுவது எளிதாகும் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தங்கள் சுதந்திரம் போய்விடும் என்று தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்பும் வந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவில் மாறிய ஒரு பிள்ளையோடு நாலு அலுவலகம் ஏறி இறங்கியவன் என்ற முறையில் என் மனம் பொதுப் பாடத்திட்டத்தின் பக்கம்தான் சாய்கிறது. 2021இல் மானியக் குழு கிரெடிட் வங்கி என்று ஒன்றைத் தொடங்கியது. மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் அவர் கணக்கில் ஏறும். ஏழு ஆண்டு வரை செல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கில் கிரெடிட் இருப்பதாலேயே நாகர்கோவிலில் ஒரு நாற்காலி காலியாகிவிடாது. இடம் இருக்கிறதா என்று நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

மருத்துவத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறை, சேர்ந்த கல்லூரியிலிருந்து வேறு கல்லூரிக்கு மாறுவதையே தடை செய்தது. 2022இல் உக்ரைன் போரால் திரும்பி வந்த மாணவர்களையும் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் சேர்க்கவில்லை. வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறி முடிக்கத்தான் வழி விட்டார்கள். ஆகவே மருத்துவக் கலந்தாய்வில் விருப்ப வரிசை போடும்போதே ஆசாரிப்பள்ளமா வேறு ஊரா என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். பொறியியலிலும் கலந்தாய்வில் கிடைத்த இடம், கட்டணச் சலுகை என்று பல கண்ணிகள் உண்டு. அதை அந்தத் துறை அலுவலகத்திலேயே கேட்பதுதான் சரி.

உதவித்தொகையையும் மறக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். கல்லூரி மாறுகிற பிள்ளையின் பதிவு புதிய கல்லூரிக்கு மாறியதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதால், கேட்கிற பிள்ளையை எல்லாம் வரச் சொல்ல வேண்டும் என்று அர்த்தமில்லை. இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "என்ன ஆச்சு மக்ளே?" என்றுதான். பிறகு பேசாமல் இருப்பேன். சில பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு, ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்பு, பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை இவைதான் கஷ்டம். அவர்கள் இரண்டு மூன்று முறை போனில் பேசினாலே தேறிவிடுவார்கள். ஒருத்தி மீன் குழம்பு கிடைக்காததைச் சொல்லியே கால் மணி நேரம் அழுதாள். இப்போது மூன்றாம் ஆண்டு, ஊருக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறாள். ராகிங் என்றால் அதற்கு முதல் மருந்து மாறுதல் அல்ல. தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. 1800 180 5522 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். மனம் ரொம்பவும் உடைந்து பேசுகிற பிள்ளை என்றால் 14416 என்ற எண்ணைக் கொடுத்து, அன்றைக்கே வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். அங்கே விதி, தேதி எல்லாம் பிறகு.

ஆனால் வீட்டில் யாரோ படுத்துவிட்டார்கள், வருமானம் நின்றுவிட்டது என்றால் அது பழகிப்போகிற விஷயமில்லை. அருமனைப் பக்கத்துப் பையன் ஒருவன் கோயம்புத்தூரில் பி.காம். முதலாண்டு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். பிப்ரவரியில் மரத்தடியில் சறுக்கி விழுந்து கால் ஒடிந்துவிட்டது. பையன் போன் பண்ணினான். இந்த முறை 'பொறு' என்றுதான் நானும் சொன்னேன், ஆனால் காரணத்தோடு சொன்னேன். "ரெண்டாவது செமஸ்டர் பரீட்சைய எழுதீரு. எழுதினாத்தான் கொண்டுவர கையில ஏதாவது இருக்கும். அதுக்குள்ள நான் இங்க இடம் பாக்கேன்." ஏப்ரலில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் காலியிடம் இருப்பது தெரிந்தது. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்கி வரச் சொன்னேன். அங்கே அலுவலகத்தில், "எதுக்குப்பா இத்தனை முத்திரை?" என்று சலித்துக்கொண்டார்களாம். அபிஷேகப்பட்டிக்கு இரண்டு முறை, கோயம்புத்தூருக்கு இரண்டு முறை அலைச்சல். இரண்டு தாள் கூடுதலாக எழுத வேண்டும் என்று வந்தது. முதல் செமஸ்டரில் அவனுக்கு ஓர் அரியர் இருந்தது. அதைப் பழைய பல்கலைக்கழகத்தில்தான் எழுத வேண்டும் என்றார்கள். நவம்பரில் இராத்திரி ரயிலில் போய் எழுதிவிட்டு வந்தான். அதை நானும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அடுத்த பிள்ளைக்குச் சொல்ல ஒரு பாடம் கூடியது. விடிகாலையில் அப்பாவுக்குப் பதிலாக அவன் பால் வெட்டிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனான். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. பட்டம் வாங்கிவிட்டான்.

எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே முதலிடம் நம் மாவட்டம். வெளியூர் அனுப்பிப் படிக்கவைப்பதில் நமக்குத் தயக்கமில்லை. அனுப்பும்போதே, "போய்ப் பார், ஒத்துவரவில்லை என்றால் இன்ன தேதிக்குள் என்னிடம் சொல்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வோம். என் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். வெளியூர் போன பிள்ளையின் பெயர், கல்லூரி, அங்கே சேர்க்கை முடியும் நாள், அதிலிருந்து பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள். அந்த நாள்களுக்கு முன்னால் நானே ஒரு போன் பண்ணிவிடுகிறேன். பெரும்பாலும் "நல்லாருக்கேன் சார்" என்றுதான் பதில் வரும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நேற்று இராத்திரி ஒரு போன் அப்படி ஒரு நிமிடத்தில் முடியவில்லை. முப்பதாம் நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சாயங்காலம் கோணம் அரசு கலை அறிவியல் கல்லூரியில் இடம் இருக்கிறதா என்று கேட்கப் போக வேண்டும். அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் நேரத்தோடு முடித்துக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கொண்டே போகலாம்.